சுத்தமான ரத்தம்

கோயம்புத்தூர்,
12.6.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

சசிரேகா எழுதுவது. நானும் அவரும் கீர்த்தியும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் பெற்றவரிடம் கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

ஆல்பர்ட்டை நான் கட்டிக்கொண்டபோது சிவன் கோயில் வாசலில் நின்று, "காலனி ரத்தத்த எங்க வூட்டு ரத்தத்துல கலந்துட்டா, இவ எனக்குப் பொறந்தவளே இல்ல" என்று கத்தினீர்கள். இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியமும் செய்தீர்கள். ஒன்பது வருடமாக அதைக் காப்பாற்றியும் வருகிறீர்கள். ஆனால் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்யவில்லை. அம்மா போன தகவலுக்கு ஒரு கார்டு போட்டீர்களே, அந்தக் கார்டின் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தாவின் கால் எப்படிப் போயிற்று என்று நமக்குத் தெரியும். சர்க்கரை கட்டைவிரலில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் தின்றது. அது வழிவழியாக வரும். நான் பகலெல்லாம் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து ஊரார் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்க்கிறேன். பெற்றவர் ரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வரும் ஞாயிறன்று காலையில் உத்திரமேரூரிலிருந்து வரதன் என்று ஒருவர் வருவார். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். காபிகூடக் குடிக்காமல் இருங்கள். ஊசி போடும் நர்ஸைப் பார்த்து நீங்கள் மாட்டுக்கொட்டகையில் ஒளிந்த கதையை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்த ஒரு தடவை எனக்காகக் கையை நீட்டுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
சசிரேகா

*

திருப்புலிவனம்,
25.6.2023

சசிரேகாவுக்கு, தாமோதரன் எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகத்துக்குக் குறைவில்லை. அவ்விடமும் அப்படியே இருக்கட்டும்.

நீ அனுப்பிய ஆள் வந்தான். தோளில் ஐஸ் பெட்டியைப் பார்த்து, பால் ஐஸ் விற்க வந்தவன் என்று நினைத்தேன். நடையில் என் நாற்காலியைப் போட்டு, கையை நீட்டியதும் மூன்று குப்பி எடுத்தான். ஒரு முனகல் இல்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. கொட்டகையில் ஒளிகிறவர்கள் யாரும் இங்கே இல்லை என்று அறியவும். அவன் போன பிறகு நாற்காலியைக் கழுவி வெயிலில் போட்டேன். இன்னும் வேண்டுமானாலும் ஆளை அனுப்பு, ரத்தத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

சொர்ணவாரி பயிர் பரவாயில்லை. ஏரியில் தண்ணீர் இருக்கிறது. சாமுவேல்தான் முன்போல் இல்லை, ஒரு பாத்தி முடிவதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறான். கேட்டால் மூச்சு வாங்குதாம். முப்பது வருடமாக நம் வீட்டுச் சோறு தின்ற உடம்புக்கு என்ன மூச்சு? எனக்குக் காலில் கருவேல முள் ஏறியது, பிடுங்கிப் போட்டுவிட்டேன். வேறு விசேஷமில்லை.

தாமோதரன்

*

கோயம்புத்தூர்,
8.7.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதத்தைக் கீர்த்தியிடம் காட்டி, "இது தாத்தா கையெழுத்து" என்றேன். முத்தம் கொடுத்தாள். நீங்கள் திட்டினாலும் பரவாயில்லை, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ரிப்போர்ட் எனக்கு மெயிலில் வந்துவிட்டது. சர்க்கரை இல்லை அப்பா! துளிகூட இல்லை. கொழுப்பும் அளவோடுதான். இருபது வயதுக்காரனுக்குக்கூட இப்படி வராது. லேபில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அம்மா ஆயுள் முழுக்க உங்களிடமிருந்து ஒளித்து வைத்த ஜாங்கிரியை இனி நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒரே ஒரு விஷயம். வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. உங்களுக்கு அது இருக்க வேண்டியதைப் போல ஏழெட்டு மடங்கு இருக்கிறது. சளி, காய்ச்சல் வந்துபோனால்கூடக் கொஞ்சம் ஏறும், பிறகு தானாக இறங்கிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். வரதனை மறுபடி அனுப்புகிறேன். கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருக்கிறதா? இராத்திரியில் வியர்த்துச் சட்டை நனைகிறதா? உடம்பு இளைத்திருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் சுகம் தெரியும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் மகள்,
சசிரேகா

*

கோயம்புத்தூர்,
2.10.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம்தானே? மூன்று மாதமாக ஒரு வரி இல்லை. ஆனால் வரதன் வந்தபோதெல்லாம் மறுக்காமல் கையை நீட்டினீர்களாம். "அந்தப் பெரியவர் கும்பிட்டுட்டுப் போய் உக்காருவாரும்மா, போறப்பவும் கும்பிடுவாரு" என்று சொன்னார். நீங்களா ஒருவரைக் கும்பிட்டீர்கள் என்று எனக்கு ஆச்சரியம். அம்மா போன பிறகு மனது இளகிவிட்டது போலும் என்று நினைத்து அழுதுவிட்டேன்.

எண்ணிக்கை இறங்கவில்லை அப்பா, ஏறியிருக்கிறது. ரத்தம் தடவிய கண்ணாடியை எனக்கே கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தேன். வேறு யாரையும் தொடவிடாமல் நானே சாயம் போட்டுப் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டையாக அந்த அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. நடுநடுவே சில அணுக்கள் நசுங்கி, நெற்றிப் பொட்டைக் கையால் தேய்த்துவிட்டது போலக் கிடக்கின்றன. இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். இந்தத் தடவை எழுந்திருக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் ரத்த நோய் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன். விலாசம் இத்துடன் இருக்கிறது. அவர் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இன்னொரு சோதனைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். நான் வந்து கூட்டிப் போகட்டுமா? வேண்டாமென்றால் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். சாமுவேல் மாமாவையாவது கூட்டிக்கொண்டு போங்கள். உடம்பு பத்திரம்.

உங்கள் மகள்,
சசிரேகா

*

திருப்புலிவனம்,
29.10.2023

சசிரேகாவுக்கு, தாமோதரன் எழுதிக்கொண்டது. சுகம். அங்கும் குழந்தை முதலானவர்கள் சுகம் என்று நினைக்கிறேன்.

நீ இங்கே வரவேண்டிய அவசியம் கிடையாது. நீ படியேறினால் நான் வாய் திறந்து பேச வேண்டி வரும். கற்பூரம் அணைத்த சத்தியம், தெய்வ குத்தமாகிவிடும்.

நீ சொன்னபடி சாமுவேலைக் கூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் போய் வந்தாயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகிற கோலமா அது என்று, என் வெள்ளைச் சட்டை ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். டாக்டர் தேடித்தேடி அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்ட கட்டி, வியர்வை, இளைப்பு எதுவும் எனக்கு இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். நீ சொன்ன நாளிலிருந்து ஜாங்கிரியும் சாப்பிடுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் வயிறெரிந்திருப்பாள்.

அந்த முள் குத்திய இடம் மட்டும் ஆறாமல் கசிகிறது. மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன். சம்பா நடவு முடிந்தது. சாமுவேலின் சோம்பல் நாளுக்கு நாள் கூடுகிறது.

தாமோதரன்

*

கோயம்புத்தூர்,
20.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

கட்டி இல்லை என்று ஏன் பொய் சொன்னீர்கள்? கழுத்திலும் இரண்டு அக்குளிலும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் இருக்கின்றன, மண்ணீரல் வீங்கி நாலு விரல் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் போனில் சொன்னார். இத்தனையையும் சுமந்துகொண்டு என்னிடம் ஜாங்கிரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பயப்படக்கூடாது என்றுதானே?

அன்று எடுத்த ரத்தத்தை ஒரு மெஷினில் விட்டு, ஒவ்வொரு அணுவின் மேலும் என்னென்ன அடையாளம் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே அடையாளம். கெட்டுப்போன ஒரே அணு தன்னைத் தானே பெருக்கிக்கொண்டே போகிறது. மூன்று மாதமாக இறங்காத எண்ணிக்கை, கண்ணாடியில் நான் பார்த்தது, இந்த மெஷின் சொன்னது எல்லாம் ஒத்துப்போகிறது. எலும்பைக் குத்திப் பார்க்கும் வேலைகூட இல்லை. இதற்கு க்ரானிக் லிம்போசைட்டிக் லுக்கேமியா என்று பெயர். ரத்தப் புற்றுநோய் அப்பா. டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பார், நான்தான் அவரிடம் கெஞ்சினேன். அப்பா முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லிவிடாதீர்கள், மகள் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவரும் சரி என்றார்.

இது மெதுவாக நகரும் வகை. இதை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து வருடம் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். பலருக்கு மருந்தே தேவைப்படாது, பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். உங்களுக்கு ரத்தம் குறைந்து வருவதால் பொங்கலுக்குப் பிறகு மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார். அதுவரைக்கும் ஒரே ஆபத்து, கிருமி. உடம்புக்கு எதிர்த்து நிற்கும் சக்தி போய்விட்டது. நிமோனியாவுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சேற்றில் நிற்காதீர்கள், மருந்தடிக்கும் பக்கம் போகாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மறுநாள் என்று தள்ளிப் போடக்கூடாது. இவ்வளவும் செய்தால் உயிருக்குப் பயமில்லை, நான் சொல்கிறேன்.

உங்களை விட்டால் எனக்கென்று இந்த உலகத்தில் பிறந்த வீட்டு மனிதர் யாருமில்லை. இங்கே வந்துவிடுங்கள். பேசவேண்டாம், சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
சசி

*

திருப்புலிவனம்,
12.12.2023

அன்புள்ள சசிக்கு,

உன் அப்பா எழுதுவது. நான் சுகம். நீ அழாமல் இருந்தால் இன்னும் சுகம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்காக அழவும் ஒரு ஜீவன் இருக்கிறது என்று தெரியாமலே இருந்துவிட்டேன். உன் அம்மா செத்த பிறகு இந்த வீட்டில் "சாப்பிட்டியா" என்று கேட்க நாதியில்லை. நீ அடிக்கடி எழுது. குழந்தையையும் இரண்டு வரி எழுதச் சொல். அவள் போட்டோ இருந்தால் அனுப்பு.

தடுப்பூசி போட்டுக்கொண்டாயிற்று. நான் சேற்றில் இறங்குவதில்லை. சம்பாவில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது, சாமுவேல்தான் மருந்தடிக்கிறான். நான் வரப்போடு சரி. நோய் விஷயத்தை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்து என்ன ஆகப் போகிறது? உழைக்கிறவனுக்கு நோயின் பெயர் தெரிந்தால் கை கால் ஓடாது. மெதுவாக நகரும் வகை என்று நீதானே எழுதியிருக்கிறாய். மெதுவாகவே நகரட்டும்.

அங்கே வருவதற்கில்லை, நீயும் வரவேண்டாம். சத்தியம் சத்தியம்தான். எழுது.

உன் அப்பா

*

கோயம்புத்தூர்,
16.1.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பொங்கலுக்கு நாங்கள் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கீர்த்தி எழுதிய கடிதமும் போட்டோவும் உள்ளே இருக்கின்றன.

மாத்திரை ஆரம்பிப்பதற்காக உங்கள் ஃபைலை முழுசாக வாங்கிப் பார்த்தேன். அதில் உங்கள் ரத்த குரூப் ஓ என்று போட்டிருக்கிறது. என் குரூப் ஏபி. அப்பா, ஓ குரூப்காரருக்கு ஏபி குரூப் பிள்ளை பிறக்காது. தாய் எந்த குரூப்பாக இருந்தாலும் பிறக்காது. எங்கள் படிப்பில் இது முதல் வருடப் பாடம். யாராவது குப்பியை மாற்றியிருப்பார்களோ என்று வரதன் எடுத்துவைத்ததிலும் பார்க்கச் சொன்னேன். எல்லாம் ஓ.

"இவ எனக்குப் பொறந்தவளே இல்ல" என்று கோயில் வாசலில் கத்தினீர்களே. கோபத்தில் எல்லா அப்பாவும் சொல்லும் வார்த்தை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உண்மையைத்தான் சொன்னீர்களா? அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று மனசு சொல்கிறது, கண்ணாடி வேறு சொல்கிறது. கண்ணாடி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு வரி எழுதுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சசி

*

திருப்புலிவனம்,
4.2.2024

அன்புள்ள சசிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். குழந்தையின் போட்டோவை அலமாரியில் வைத்திருக்கிறேன். மூக்கு என்னைப் போல.

நீ கேட்டது கேட்கக்கூடாத கேள்வி. கனகா போய்ச் சேர்ந்துவிட்டாள். செத்தவளைத் தோண்டி என்ன பிரயோசனம்? இத்தனை வருடம் நான் அதைப் பற்றி வாய் திறந்தேனா? பெரிய மனதோடு விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. யாருக்குப் பிறந்திருந்தாலும் நீ இந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவள், என் மகள்தான். அந்த மட்டும் உனக்குக் குறை வைக்கமாட்டேன்.

மற்றொன்று. சாமுவேல் தவறிவிட்டான். மருந்தடித்துவிட்டுப் போனவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். தை மாதப் பனியில் நவரைப் பட்டத்துக்கு நாற்று பறிக்க வரச் சொன்னேன், வந்தான். மறுநாள் வரவில்லை. மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறிப் போய்விட்டான். பறித்த நாற்று கரையில் கிடந்து காய்கிற நேரம் பார்த்து இப்படிச் செய்துவிட்டான். பச்சமுத்து என்று ஒருவனை வைத்திருக்கிறேன், வேலை சுத்தமில்லை.

இனிமேல் வரதனை அனுப்பவேண்டாம். காஞ்சிபுரத்துக்கும் போவதாக இல்லை. எனக்கு எதுவுமில்லை, நீ கவலைப்படாதே. கால் புண்தான் நச்சரிக்கிறது.

உன் அப்பா

*

திருப்புலிவனம் காலனி,
25.2.2024

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சசி பாப்பாவுக்கு சுகிர்தா எய்திக்கிறது. நான் உசுரோட கீறேன். நீ, ஆல்பர்ட்டு தம்பி, கொயந்த எல்லாம் நல்லா கீறீங்களா?

உன் லெட்டர் வந்துது பாப்பா. இவரு செத்ததுக்கு ஊர்த் தெருவுல இருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல. அத்தாந்தூரத்துல இருந்து நீதான் கேட்ட. எத்தினி நாளா முடியாம இருந்தாருன்னு கேட்டிருக்க. ஒரு வருசம் இருக்கும். கய்த்துல, அக்குள்ல கட்டி. ராவுல சட்டயப் பியிஞ்சா தண்ணி சொட்டும். எடது பக்கம் வயிறு கல்லு மாரி. வாய்யா, பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு நானும் மல்லுக்கட்டிக்கினுதான் இருந்தேன். "அட போடீ, எனக்குப் பாக்காத டெஸ்ட்டா? எத்தினி தபா ரத்தம் குடுத்துக்கீறேன், காஞ்சிபுரத்துல பெரிய டாக்டரே அமுக்கிப் பாத்தாரு. இன்னா வந்துது ஐயான்னு நம்ம ஐயாவக் கேட்டேன். உன் ரத்தம் சுத்தமா கீதுடான்னு சொல்லிட்டாரு"ன்னு என் வாய அடச்சிடுவாரு. காய்ச்சல் வந்தப்பவும் அதான் சொன்னாரு.

உனக்குத் தெரியுமோ இன்னாவோ, ஐயாவுக்கு ஊசின்னா ஆவாது. சக்கர இருந்து, அது உனக்குத் தெரிஞ்சிட்டா சோத்துல கை வைப்பேன்னு வேற பயம். அதான் அந்த ஐஸ் பொட்டிக்காரு வந்தப்ப இவர நாற்காலில உக்கார வச்சி, இவருதான் தாமோதரன்னு சொல்லிட்டாரு. அப்பால வந்தப்ப எல்லாம் இவருதான் கை நீட்டுனாரு. காஞ்சிபுரத்துல ஐயா வெளிய பெஞ்சில குந்திக்கினாராம், இவரு ஐயா பேருல உள்ள போனாரு. முப்பது வருசத்துல மொத தபா அந்த வூட்டு நாற்காலில உக்காந்தேன்னு அன்னிக்கி வந்து சொன்னாரு பாரு, அந்த சந்தோசத்த நான் இன்னான்னு சொல்ல. இத நீ ஐயாகிட்ட கேட்டுடாத, கோச்சுக்குவாரு.

அந்த டாக்டரு இவரப் பாத்து, "உங்க பொண்ணு உங்க மேல உசுரையே வச்சிக்கீது, நல்லா பாத்துக்கும், கவலப்படாதீங்க"ன்னாராம். எங்களுக்கு ஏது பொண்ணு? பெத்ததே கெடயாது. "இல்லாத பொண்ணு என் மேல உசுரா கீதாம் சுகிர்தா"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ராவுல நெனச்சிக்கினு சிரிப்பாரு.

காஞ்சிபுரம் போட்டுக்கினு போன சட்டயத் தோச்சிக் குடுத்தா, வாணாம், நீயே வச்சிக்கோன்னு ஐயா சொல்லிட்டாரு. பெரிய மனசு. அந்த சட்டயப் போட்டுதான் அவரப் பொட்டில வச்சோம். நீ நல்லா இரு பாப்பா. ஜெபத்துல உன்ன நெனச்சிக்கிறேன்.

சுகிர்தா

*

திருப்புலிவனம்,
14.4.2024

அன்புள்ள சசிக்கு,

அப்பா எழுதுவது. வருடப் பிறப்பு நல்லபடியாக இருக்கட்டும். நீங்கள் மூவரும் சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நான் சுகமில்லை. முள் ஏறின கால், கட்டைவிரல் கறுத்துப்போய்விட்டது. வலிகூட இல்லை, நாற்றம்தான். பக்கத்து விரலுக்கும் நிறம் மாறுகிறது. பச்சமுத்து நேற்று, "ஐயா, நீங்க ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது, இது சக்கரதான்" என்றான். அவன் மூஞ்சியில் அடிக்கத் தோன்றியது. ஆனால் என் அப்பாவின் காலும் இப்படித்தான் கறுத்தது. கண் வேறு மங்கலாக இருக்கிறது. கோடு தாண்டி எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்.

சத்தியம் கிடக்கட்டும். நீ வா. வந்து உன் கையால் ரத்தம் எடுத்துப் பார். உன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போ. தடவித் தடவி நடந்துகொண்டு, ஒரு ஆள் துணையில்லாமல் கிடக்கிறேன். ஆல்பர்ட்டையும் கூட்டிக்கொண்டு வா, ஒன்றும் சொல்லமாட்டேன். உடனே வா.

உன் அப்பா

*

கோயம்புத்தூர்,
22.4.2024

அப்பாவுக்கு,

சசிரேகா எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை உங்கள் கடிதத்தில் படித்தேன்.

சுகிர்தா அத்தை எனக்கு எழுதியிருந்தார்கள். உங்கள் நாற்காலியைப் பற்றியும் சட்டையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். இதை எடுத்துக்கொண்டு போய் அவர்களை எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் ரொம்ப நல்லவர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் கண்ணாடித் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் ரத்தம் என்று நினைத்து அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் சாமுவேல் மாமாவுக்கு எழுதியது, ஒன்றுகூட அவர் காதுக்குப் போகவில்லை. டாக்டராவது சொல்லியிருப்பார், அவர் வாயையும் நான்தான் கட்டினேன். அதற்கு நான் அழுது முடிக்க இந்த ஜென்மம் போதாது. நீங்கள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கு மாத்திரை தின்றுகொண்டு இருந்திருப்பார். அந்த ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்க, ஓ குரூப் அவருடையது என்று தெரிந்தும் என் அம்மாவையும் சாக்கடையில் தள்ளினீர்கள். ஒரு மாதம் நான் அவள் படத்தைத் திருப்பி வைத்திருந்தேன் அப்பா. அத்தையின் கடிதம் வந்த அன்றுதான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு நேராக வைத்தேன். கண்ணாடித் துண்டையும் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கீர்த்தி இது யார் என்று கேட்டாள். தாத்தா என்றேன்.

இனி உங்கள் கால். உங்கள் பெயருக்கு வந்த ரிப்போர்ட் எல்லாம் என் முன்னால் இருக்கிறது. தாமோதரன், வயது அறுபத்து மூன்று, திருப்புலிவனம். ஒன்றில்கூடச் சர்க்கரை இல்லை. ஒவ்வொன்றும் ஒழுங்காக எடுத்து ஒழுங்காகப் பார்த்தது. பச்சமுத்து படிக்காதவர், அவர் எறும்பைப் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். புண் ஆறிவிடும். மஞ்சள் பற்றுப் போடுங்கள், ஜாங்கிரியும் சாப்பிடுங்கள்.

நான் வருவதற்கில்லை. படியேறினால் நீங்கள் வாய் திறந்து பேச வேண்டி வரும், தெய்வ குத்தமாகிவிடும். நான் எழுதுவது பாவம் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, தெரிந்தேதான் எழுதுகிறேன். பயப்படாதீர்கள் அப்பா. உங்கள் ரத்தம் சுத்தமாக இருக்கிறது.

இப்படிக்கு,
கனகாவின் மகள்